ஒற்று நிற்கும் வாசல்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

இந்த வீட்டுக் கொல்லையின் பாதுகாப்பு குறித்துக் கடந்த பதினேழு நாட்களாக நடைபெற்ற விரிவான ஆலோசனையின் முடிவில், காவலுக்கு வாத்துக்கள் வைத்துக்கொள்வதென்று நேற்றுக் காலை ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவர் நான். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் நானே. மாற்றுக் கருத்து யாருக்காவது இருந்திருந்தால் அது கோழிகளுக்குத்தான் இருந்திருக்க வேண்டும். அவற்றைக் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் நகராட்சியில் தீர்மானப் புத்தகம் எழுதியவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. பொறுத்துக்கொள்.

கோழிகள் பதினொன்று இருந்தன. பருந்து இரண்டைத் தூக்கியது. தெருநாய் ஒன்று. இன்னொன்று எப்படிப் போனது என்று தெரியவில்லை. மீதி ஏழு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நாய் வளர்க்கச் சொன்னார். நாய்க்கு நன்றி உண்டாம். இந்த வயதில் எனக்கு நன்றி வேண்டாம், சத்தம் போதும்.

ஆண் ஒன்று, பெண் இரண்டு. வெள்ளை நிறம், என் இடுப்பு உயரம். விற்றவர் இவற்றை வாத்துக்கள் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "இது அன்னம்மா! பாலையும் தண்ணியையும் தனித்தனியா பிரிச்சிடும்" என்றார். "எங்க பால்காரர் ஊத்தறதைப் பிரிச்சா எனக்குக் கால் டம்ளர்கூட மிஞ்சாதே" என்றேன்.

இந்தப் பெரிய வாத்துக்கள் சரியாக எந்தப் பெயரில் அழைக்கப்பட வேண்டும்? நீ அகராதி அச்சடிக்கும் இடத்தில் இருக்கிறாய். அதற்காகவே எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் போனை எடுப்பதில்லை என்ற நாலு வருடத் தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை. நீ தலைமைப் பிழைதிருத்துநர் ஆனபோது நான் அனுப்பிய அட்டையில் 'வாழ்த்துக்கள்' என்று எழுதியிருந்தேன். நீ அந்த 'க்'கைச் சிவப்பு மையால் அடித்து அட்டையைத் திருப்பி அனுப்பினாய். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எழுத்தில் திருத்தினால் கிழித்துப் போடலாம். பேச்சில் திருத்தினால் நான் என்ன செய்ய?

அக்கா


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதத் தொடங்கி மூன்று முறை எழுந்து வராந்தாவில் நடந்துவிட்டு வந்தேன். இது நான்காவது.

அந்தப் பறவையின் பெயர் பெருவாத்து. அன்னம் என்று சொன்னவரை அகராதி ஆதரிக்கவில்லை. ஆனால் 'ப' வரிசை போன வருடமே அச்சாகிவிட்டது. அதில் பெருவாத்து விடுபட்டுப்போயிருக்கிறது. ஆகவே அதிகாரபூர்வமாகத் தங்கள் கொல்லையில் எதுவும் இல்லை. இப்போது என் மேசையில் இருப்பது 'வ' வரிசை.

நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தேன். புல்தான் முக்கிய உணவாம். தெரிந்த குரல் எது, தெரியாத குரல் எது என்று நன்றாக நினைவில் வைத்திருக்குமாம். பழக்கமில்லாதவர்கள் வந்தால் ஊரைக் கூட்டுமாம். இருபது வருடம் வரை வாழுமாம். தங்களுக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. கூட்டிப் பார்க்கும் வேலையை நான் செய்யவில்லை.

தங்கள் கடிதத்தில் 'வாத்துக்கள்' என்று மூன்று இடங்களில் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்கிறேன்.

அந்த அட்டை விஷயமாக, அன்று உண்மையில் என்ன நடந்ததென்றால்… வேண்டாம். இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

மதிப்பிற்குரிய என்றும் அவர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். யாருக்குப் போட வேண்டிய கடிதம் இது? உன்னை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டவள் நான். நீ என்றே எழுது.

ஆண் வாத்துக்கு 'ஒற்று' என்று பெயர் வைத்திருக்கிறேன். தேவையில்லாத இடத்தில் நடுவில் வந்து நிற்கிறது என்பது ஒரு காரணம். ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டு என்பது இன்னொன்று. பெண்கள் இருவரும் காற்புள்ளி, அரைப்புள்ளி. ஒற்று எங்கே நிற்கிறதோ அதற்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

காவல் பிரமாதம். பருந்து வட்டமிட்டால் மூன்றும் ஒரு கண்ணை வானத்துக்குத் திருப்பிக் கத்துகின்றன, கோழிகள் கூண்டுக்குள் ஓடிவிடுகின்றன. ஏழு ஏழாகவே இருக்கின்றன. மின்சார மீட்டர் பார்க்கிறவர் இந்த மாதம் உத்தேசமாக எழுதிக்கொண்டு போனார். தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "மேடம், நாயின்னா பிஸ்கட் போட்டு சமாளிப்பேன். இதுக்கு என்னத்தைப் போடறது?" என்றார்.

"புல்லு தின்னும்" என்றேன்.

"நான் புல்லு புடுங்கிப் போட்டுட்டுத் தபால் குடுக்கவா எனக்குச் சம்பளம்?"

இப்போது கடிதங்களைத் தையல்காரம்மா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் மதில்மேல் வைத்துக் கல்லை வைக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, கொல்லைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். வாத்துக்கள் பின்னாலேயே வருகின்றன. எழுத்தில் எங்காவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துக்கொள். உன் பையில் நிறைய இருக்கும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

இந்தக் கடிதத்தில் நான் பிழை திருத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கையெழுத்தை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அதில் ஒற்று எப்போதும் அதிகம்தான். குறைந்து நான் பார்த்ததில்லை. இந்த முறை இருபத்தாறு மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. 'கல்லை' என்ற சொல் 'கலலை' என்று இருக்கிறது. 'தின்னும்' என்பதில் இரண்டு புள்ளியும் இல்லை. வரிகள் வலப்பக்கம் சரிந்து தாளை விட்டே இறங்கிவிட்டன. 'மதில்மேல்' என்பதில் 'மதி' மட்டும்தான் எனக்கு வந்து சேர்ந்தது. மீதி உன் மேசைமேல் இருக்கும், துடைத்துவிடாதே.

தெரியாமல் எழுதுகிறவனின் பிழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். உன் பிழை அப்படி இல்லை. பார்வை போகிறவர்களின் பிழை இது. எங்கள் அச்சகத்தில் பழைய எழுத்துக் கோப்பவர் ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியது.

கண்ணுக்கு என்ன?

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கண் நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள். இருந்தாலும் உறுப்பினர் விடாப்பிடியாகக் கேட்டதால் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புரை முத்திப்போச்சு, அழுத்தமும் ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் தள்ளிக்கிட்டே போனீங்கன்னா, ஆபரேஷன் பண்ண நான் ரெடியா இருப்பேன், பார்க்க உங்க கண்ணு ரெடியா இருக்காது." ஒரு கண் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் இன்னொன்று. தினம் அழுத்தம் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே மூன்று வாரம் தங்க வேண்டும்.

இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. போனால் கொல்லையை யார் பார்ப்பது? என்னைத் தவிர ஒருவரையும் ஒற்று உள்ளே விடுவதில்லை. தையல்காரம்மா ஒரு நாள் தீவன வாளியோடு நுழைந்து பார்த்தார். கிழிந்த சேலையைத் தானே தைத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது நல்லதாயிற்று. "அக்கா, உங்க வீட்டுக்கு இனிமே திருடன் வரமாட்டான். ஆனா நீங்க செத்தா தூக்கறதுக்கும் ஒருத்தனும் வரமாட்டான்" என்கிறார்.

விற்றுவிடு என்று எழுதாதே. வேலையைச் சரியாகச் செய்கிறவனை அந்தக் காரணத்துக்காகவே வெளியே அனுப்புவது நகராட்சியில் வழக்கம். என் வீட்டில் இல்லை.

உன்னை வரச் சொல்லி இதில் எங்கும் எழுதவில்லை. திருப்பிப் படித்துப் பார்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

திருப்பிப் படித்தேன். எழுதவில்லைதான்.

உடனே கிளம்பி வரத்தான் வேண்டும். ஆனால் எங்கள் அச்சக இயக்குநர் முப்பத்தோரு வருடம் முடித்து இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஊழியர்கள் சார்பில் ஒரு மலர் போடுகிறோம். அதை நான் பார்க்காவிட்டால் பிழையோடு போய்விடும். இங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் ஒற்று தெரியாது. இதை எழுதும்போதே இது என்ன காரணம் என்று எனக்கும் தோன்றுகிறது. எழுந்து நடந்துவிட்டு வந்து படித்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் வரும்போது ஒற்று என்னை விட வேண்டுமே என்ற கவலையும் இருக்கிறது. அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். இந்த உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. என் குரலை நாற்பது நிமிடம் பதிவு செய்திருக்கிறேன். தினமும் போட்டுக் காட்டினால் பழகிவிடும். எதைப் படிப்பது என்று தெரியவில்லை. 'அக்கா, நல்லா இருக்கியா?' என்று தொடங்கினேன். குரல் சரியாக வரவில்லை. அதை அழித்துவிட்டு 'வா' வரிசையைப் படித்திருக்கிறேன்.

மூன்றாவது தேதி வாங்கு.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

தையல்காரம்மாவின் ரேடியோவில் பென் டிரைவ் செருக இடம் இருக்கிறது. தினமும் மாலை மதில்மேல் வைத்துப் போடுகிறார். முதல் நாள் ஒற்று ரேடியோவின் ஏரியலைக் கடித்து வளைத்தது. நான்காம் நாள் சீறலோடு நிறுத்திக்கொண்டது. ஒன்பதாம் நாள் மூன்றும் புல்லில் உட்கார்ந்து கேட்டன. 'வாத்து' என்று நீ சொல்லும் இடத்தில் ஒற்று கழுத்தை நிமிர்த்தி ஒரு முறை பதில் சொல்கிறது. பொருள் புரிந்தா, குரல் பிடித்தா என்று தெரியாது.

இது வாத்துக்களுக்காக மட்டுமே போடப்படுகிறது என்பதைப் பதிவு செய்கிறேன். நான் பக்கத்தில் இருப்பதால் காதில் விழுகிறது. 'வாசல்' முடிந்து ஒரு முறை இருமுகிறாய். தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்கிறது. 'வாத்து'க்கு முன் ஒரு நீண்ட மூச்சு. பதிவு 'வாலிபம்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு நிமிடம் படித்திருந்தால் 'வாழ்த்து' வந்திருக்கும்.

மூன்றாவது தேதி மே 18. 17 காலை கிளம்ப வேண்டும். இதுவும் தவறினால் கொடுப்பதற்கு நாலாவது தேதி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று ஏழு கோழிகளை எண்ணினேன், பத்து வந்தது. மூன்று வாத்துக்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

தேதியைத் தெரிவிக்கிறேன். அவ்வளவுதான்.

அக்கா


மே 3

அக்கா,

நான் வருகிறேன். வேலை தடுக்காது. வேலை இல்லை.

மலரின் அட்டையில் இப்படி இருந்திருக்க வேண்டும்: 'ஓய்வு பெறும் இயக்குநருக்கு ஊழியர்களின் மனமார்ந்த வாழ்த்துகள்.' கோத்தவர் ழகர ஒற்றை விட்டுவிட்டு, 'க்' ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருந்தார். என் மேசைக்கு வந்தபோது அந்தச் சொல் 'வாத்துக்கள்' என்று இருந்தது. நான் அந்த 'க்'கைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவால் ஒரே கோடு போட்டு அடித்தேன். அடித்த திருப்தியில், சரி பார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டேன். மிகையான ஒற்று கண்ணில் பட்டது, இல்லாத ஒற்று படவில்லை. இரண்டு மாதமாக அது எனக்குப் பழகிய சொல்லாகிவிட்டிருந்தது.

ஐந்நூறு பிரதி. மேடையில் இயக்குநர் மைக்குக்கு முன்னால் அட்டையை வாய்விட்டுப் படித்தார். படிக்கத் தொடங்கியதை நடுவில் நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. "ஊழியர்களின் மனமார்ந்த வாத்துகள்" என்று முடித்துவிட்டு, "எத்தனை வாத்துய்யா?" என்று கேட்டார். கூட்டத்தில் பின்வரிசையில் யாரோ 'குவாக்' என்றார்கள்.

மறுநாள் கூப்பிட்டு, "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார்.

"எவ்வளவு நாள் சார்?"

"நான் எடுக்கற வரைக்கும்னு வெச்சுக்குங்க."

என் நாற்காலியில் 'வாத்து மடையன்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

15ஆம் தேதி வருகிறேன்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

இது தையல்காரம்மாவின் எழுத்து, வாசகம் என்னுடையது. உன் கடிதங்களைப் படிப்பதும் இப்போது அவர்தான். போன கடிதத்தைப் படிக்கும்போது 'குவாக்' என்ற இடத்தில் சிரித்து விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நாலு தடவை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கொல்லையிலிருந்து ஒரு ஒற்று கிளம்பி வந்து உன் நாற்காலியைத் தள்ளிவிட்டதாகத்தான் எனக்குக் கேட்டது.

நடைமுறை பின்வருமாறு. கேட்டைத் திறந்ததும் நில். ஓடாதே. முதுகைக் காட்டாதே. இரண்டு கையையும் அகல விரித்தால் பெரிய ஆளாகத் தெரிவாய். வேட்டி வேண்டாம், தடித்த பேன்ட் போட்டுக்கொள். கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு வந்தால் பேசு, 'வா'விலிருந்து ஆரம்பி. 'வாத்து' வரைக்கும் போனால் பிழைத்தாய்.

(அண்ணே, அக்கா தெனமும் ரேடியோ பக்கத்துலதான் உக்காந்துக்கறாங்க. வாத்துங்க எழுந்து போனப்புறமும் அணைக்க விடறதில்ல. இதை நானா எழுதறேன், அவங்களுக்குத் தெரியாது. — தையல்காரி)

அக்கா


மே 28

அக்கா,

முழங்கால் ஆறிவிட்டது. 'வாசல்' வரைக்கும்தான் அன்று போக முடிந்தது என்பது உனக்கே தெரியும். இருமல் வந்துவிட்டது. பதிவில் இருமுகிற அதே இடம் என்பதால்தான் ஒற்று என்னை அடையாளம் கண்டுகொண்டு விட்டது என்று தையல்காரம்மா சொல்கிறார். கடித்த பிறகு கண்டுகொண்டது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் கண் நல்லபடி முடிந்தது என்று நர்ஸ் போனில் சொன்னார். உன்னிடம் கொடுக்கட்டுமா என்றார். போன் விஷயத்தில் ஒரு தீர்மானம் நடப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

கோழிகள் ஏழு. முட்டை இன்று நான்கு. ஒற்று என் பின்னாலேயே நடக்கிறது. நான் நின்றால் நிற்கிறது. மற்ற இருவரும் வரிசையில் வருகிறார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என் பின்னால் வந்ததில்லை. மாலையில் ரேடியோ இல்லாமல் நேராகவே படிக்கிறேன். 'வாலிபம்' தாண்டிவிட்டோம்.

அச்சகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிப்பதற்குள் காற்புள்ளி அதைக் கிழித்துத் தின்றுவிட்டது. திரும்பி வா என்றிருந்ததா, வராதே என்றிருந்ததா தெரியவில்லை. கேட்டு எழுத வேண்டும். தினமும் நினைக்கிறேன்.

அந்த அட்டை. தலைமைப் பிழைதிருத்துநர் ஆன அன்று எனக்கு வந்தது அது ஒன்றுதான். வேறு ஒருவரும் எழுதவில்லை. அதிலேயே கீழே நன்றி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கையில் இருந்தது சிவப்புப் பேனா. கை தன் வழக்கப்படி நடந்துகொண்டது. அடித்த பிறகு அதில் நன்றி எழுத வெட்கமாக இருந்தது. எழுதாமல் வைத்திருக்கவும் முடியவில்லை, அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது கண்ணுக்கு என் மனமார்ந்த வாழ்த்துக்கள்.

தம்பி


ஜூன் 8, பகல் இரண்டு மணி

தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். புள்ளிகளை எண்ணிப் பார், எல்லாம் இருக்கின்றன.

ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். நீ தீவனம் வாங்கப் போயிருப்பதாகத் தையல்காரம்மா சொன்னார். இந்தத் தாளை மதில்மேல் கல்லுக்கடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை நர்ஸ் படித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாமென்று தலையணைக்கடியில் வைத்திருந்தேன். நேற்று இரண்டு கண்ணிலும் கட்டு அவிழ்த்ததும் நானே படித்தேன். கடைசி வரியில் ஒரு 'க்' அதிகம். அடித்திருக்கிறேன். சிவப்புப் பேனா இல்லை, தையல்காரம்மா துணியில் குறி போடும் சுண்ணக்கட்டி சிவப்பாக இருந்தது. கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நன்றி.

போன் குறித்த தீர்மானம் ரத்து.

வாசலுக்கு வந்தேன். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன், கழற்றக்கூடாது. "ஒற்று, நான்தான்டா" என்றேன். கேட்டுக்கு வந்து, கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறியது. பின்னால் இருவரும் வந்து நின்றார்கள். கையை விரித்தேன். 'வா'விலிருந்து எனக்கு நினைவிருந்த வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் எடுபடவில்லை. அந்த வழியாக வந்த தபால்காரர், "மேடம், புல்லு போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரத்துக்குக் கண்ணில் அடிபடக் கூடாது, அதனால் உள்ளே நுழையவில்லை.

கேட்டின் கம்பி வழியாகக் கோழிகளை எண்ணினேன். ஏழு.

தையல்காரம்மா வீட்டில் இருக்கிறேன்.

அக்கா